பதினெட்டு நிமிடம்

1883 நவம்பர் 12, திங்கள்
எல்க் ஹாலோ ஸ்டேஷன், பென்சில்வேனியா

காலையில் பாட்டரி ஜாடிகளைக் கழுவினேன். மயில்துத்தம் பட்டு விரல் நுனியெல்லாம் நீலம். தந்தி வேலைக்கு வந்து நாலு வருடமாகிறது. இந்த நீலம் முழுதாகப் போன நாளே கிடையாது. பம்பில் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிட்டது. அடுப்புக்குக் கரி கேட்டு எழுத வேண்டும்.

டிவிஷன் ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. வரும் ஞாயிறு நண்பகல் முதல் ரயில்களெல்லாம் புதிய மணிக்கு ஓடும். இதுவரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வந்தபோது பன்னிரண்டு அடித்தது. ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தன் தலைமையகத்து மணியைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இனி நாட்டைச் சில பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டைக்குள் எங்கும் ஒரே மணி. எங்கள் லைன் புது மணிக்குப் பதினெட்டு நிமிடம் பின்தங்கி இருக்கிறதாம். கடிகாரத்தை முன்னே தள்ள வேண்டும். கிழக்கே நியூயார்க்கில் நாலு நிமிடம் பின்னே தள்ளுகிறார்கள்.

மருந்துக் கடைக்காரர் தந்தி கொடுக்க வந்தவர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார். "அந்தப் பதினெட்டு நிமிஷம் என்னோடது, மிஸ் ஹார்ப்பர். யாரைக் கேட்டு எடுத்துக்கிறாங்க?"

நவம்பர் 14, புதன்

பதினேழாம் எண் கூட்ஸ் வழக்கம்போலத் தண்ணீர் பிடிக்க நின்றது. டிரைவர் டொலான் எஞ்சினில் இருந்தபடியே தொப்பியைத் தூக்கினார். கார்டு ஏமஸ் கிரெய்டன் ஆபீஸுக்குள் வந்து, தொப்பிப் பனியை வாசலிலேயே தட்டிவிட்டு, அடுப்பில் கையைச் சூடேற்றிக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர். ரயிலில் இருபது வருடம் ஓடியும் இரண்டு கையிலும் பத்து விரல் இருக்கிற கார்டு இந்த டிவிஷனில் இவர் ஒருவர்தான். பெட்டிகளைக் கொக்கி மாட்டும்போது மற்றவர்களெல்லாம் ஒன்றிரண்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கண்ணாடியை வண்டியிலேயே விட்டுட்டேன் மிஸ். நீங்களே படிச்சிருங்க."

உத்தரவைப் படித்துக் காட்டினேன். அசையாமல் கேட்டார். தாளை வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டார்.

"கடிகாரத்தை நாலு நிமிஷம் பின்னால தள்றாங்களாமே? சிட்டியில பேசிக்கிட்டாங்க."

"அது நியூயார்க்ல. நமக்கு வேற. தாள் வரட்டும், நான் படிச்சுக் காட்டறேன்."

"அப்ப சரி" என்று போனார்.

நவம்பர் 17, சனி

மணி மாற்றத் தாள்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று. தாளைப் பெற்றதாகக் கார்டுகள் கையெழுத்திடும் ரசீதுப் புத்தகம் நாளைக் காலைப் பாசஞ்சரிலேயே டிவிஷன் ஆபீஸுக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பான குறிப்பு.

எல்லாக் கையெழுத்தும் சேர்ந்துவிட்டன. விளக்குத் திரிகளை நறுக்கினேன். நாளை ஊரே இங்கே வரும் என்கிறார்கள். சாம்பல் கவுனைத் தேய்த்து வைத்தேன்.

நவம்பர் 18, ஞாயிறு

எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்கே ஆபீஸ் நிரம்பிவிட்டது. பாதிரியார், மருந்துக் கடைக்காரர், ஆலை மேனேஜர் குடும்பம். வானாய்வுக் கூடத்திலிருந்து தந்திக் கம்பி வழியாக நண்பகலைக் குறிக்கும் ஒற்றைத் தட்டுச் சத்தம் வரும். அது வரும் நொடியில் நான் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை வைக்க வேண்டும். மேனேஜரின் மனைவி கைக்கடக்கமான கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் என் வேலையைப் பார்க்க வந்தது இதுவே முதல் தடவை.

பதினொன்று இருபதுக்குப் பதினேழாம் எண் வந்தது. இன்று நிற்கவில்லை. மணி மாற்றத் தாளைப் பிரம்பு வளையத்தில் கட்டி நீட்டினேன். ஏமஸ் கடைசி வண்டியின் படியிலிருந்து குனிந்து வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டார். ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை.

பழைய மணி பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் தட்டு வந்தது. முள்ளைப் பன்னிரண்டில் வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பாதிரியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒன்று முப்பத்தொன்றுக்குக் கம்பி கடகடவென்று அடித்தது. "பெல் வளைவில் மோதல். பதினேழும் ஆறும். டாக்டர் அனுப்பு."

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. டாக்டர்களைக் கூப்பிட்டேன், மீட்பு வண்டிக்கு வழி வாங்கினேன், பெயர்களை எடுத்து அனுப்பினேன். ஒரு எழுத்தும் தப்பவில்லை.

நவம்பர் 19, திங்கள்

டொலான் இறந்துவிட்டார். ஆறாம் எண் பாசஞ்சரில் வந்த தபால் குமாஸ்தா ஒருவரும். காயம் பதினொரு பேருக்கு. ஏமஸ் உயிரோடு இருக்கிறார்.

நேரமாகிவிட்டதால் டொலான் தண்ணீர் பிடிக்க நிற்காமல் போயிருப்பார்.

நவம்பர் 20, செவ்வாய்

மீட்பு வண்டி ஆட்கள் காப்பி குடிக்க வந்தார்கள். ஆறாம் எண்ணில் புதிதாகக் காற்று பிரேக் வைத்திருந்தார்கள். டிரைவர் ஒரு கைப்பிடியைத் திருப்பியதும் எல்லாப் பெட்டிச் சக்கரமும் ஒன்றாகப் பிடித்ததாம். அதனால்தான் இரண்டு பேரோடு போயிற்று. கூட்ஸில் பழைய கை பிரேக். ஆட்கள் பெட்டிக் கூரை மேல் ஓடி ஓடி ஒவ்வொரு சக்கரமாகத் திருகிக்கொண்டிருந்தபோதே மோதிவிட்டது.

எஞ்சினில் கரி தள்ளும் பயர்மேன் பிழைத்துவிட்டான், வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். ஆலைப் பக்கம் வண்டிகள் ஒதுங்கும் சைடிங் தண்டவாளத்தில் நின்றபோது டொலான், "மணித் தாள்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாராம். ஏமஸ் தாளைப் பிரித்துப் பார்த்து, "நாலு நிமிஷம் பின்னால தள்ளணும்" என்றாராம். இரண்டு பேரும் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். அதாவது புது மணிக்கு இருபத்திரண்டு நிமிடம் பின்னால். பாசஞ்சர் கார்வர் ஜங்ஷனை விட்டே கிளம்பியிருக்காது என்ற நம்பிக்கையில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டியை எடுத்தார்கள்.

தாள் ஏமஸின் பையில் அப்படியே இருந்தது. "பதினெட்டு நிமிடம் முன்னே" என்று அச்சடித்த தாள்.

"கையில தாளை வச்சுக்கிட்டு எப்படிங்க தப்பாப் படிப்பான் ஒருத்தன்?" என்று மீட்பு ஆள் ஒருவர் கேட்டார். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 21, புதன்

டிராஃபிக் சூப்பரிண்டெண்ட் ஸ்ட்ராட்டன் நேரில் வந்தார். கையுறையைக் கழற்றாமலேயே ரசீதுப் புத்தகத்தைத் திறந்து ஏமஸின் கையெழுத்தைக் காட்டினார்.

"இது கிரெய்டன் போட்டதுதானே?"

"அது அவர் பேர்தான்."

"தாளும் கொடுத்தீங்க?"

"வளையத்துல கட்டிக் கொடுத்தேன்."

"போதும் மிஸ் ஹார்ப்பர். கம்பெனி செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கு. அவன் குடிச்சிருக்கான். டொலானும்தான். வழக்கமா நிக்கிற இடத்துல ஏன் நிக்காமப் போனான்? ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடிச்சிருக்கணும்."

"ஏமஸ் குடிக்க மாட்டார் சார்."

"அப்ப தாளைப் பாத்துட்டு ஏன் மாத்திச் சொன்னான்? வேற காரணம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

போகும்போது, அன்று நான் தந்தியில் வேலை பார்த்த விதத்தைத் தலைமையகத்தில் எல்லாரும் புகழ்ந்ததாகச் சொன்னார்.

நவம்பர் 22, வியாழன்

இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

ஏமஸுக்குப் படிக்கத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் உத்தரவுக்குப் பதிலாக என் சலவைத் துணிப் பட்டியலை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தலையை ஆட்டினார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடி, "அவசரத்துல படிச்சுக் காட்டாம விட்டுட்டேன், கேட்டுட்டுப் போங்க" என்று சரியான தாளைப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் படிப்பேன். ரசீதில் அவர் பேரைச் சாய்வான எழுத்தில் நானே போடுவேன். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை கேட்டால் போதும், அவர் மறக்க மாட்டார். இரண்டு வருடத்தில் ஒரு தப்பும் நடந்ததில்லை.

புத்தகம் ஞாயிறு காலையிலேயே போக வேண்டியிருந்ததால் மணித் தாளுக்கான கையெழுத்தைச் சனிக்கிழமையே போட்டுவிட்டேன். படிக்கத் தெரியாதவர் கையில் தாளைக் கொடுத்து அனுப்பினேன். அவர் சிட்டியில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்.

படிக்கத் தெரியாதென்று தெரிந்தால் அவர் வேலை போகும். கையெழுத்து என்னுடையதென்று தெரிந்தால் என் வேலை போகும், ஜெயிலாகவும் இருக்கலாம். அவர் ஏன் எதுவும் சொல்லாமல் இருக்கிறார்?

நவம்பர் 25, ஞாயிறு

ஏமஸ் வீட்டுக்குப் போனேன். விலா எலும்பு மூன்று முறிந்திருக்கிறது. வலது கையில் இப்போது இரண்டு விரல்தான். வெளியே ஷெரிஃபின் ஆள் ஒருவர் குதிரையோடு நிற்கிறார். விசாரணை முடியும்வரை வீட்டை விட்டு நகரக் கூடாது.

அவர் மனைவி ஹல்டா என்னை உட்கார வைத்துச் சூப் கொடுத்தாள். "நல்ல நேரத்துல வந்தீங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர் படிப்பாரு. எனக்கு எழுத்து தெரியாது பாருங்க. இவரைக் கட்டிக்கிட்ட இருபத்திரண்டு வருஷமா இந்த ஒரு நாள்ல உலகமே வீட்டுக்குள்ள வந்துரும்."

ஏமஸ் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் பேப்பரைப் பிரித்தார். நியூயார்க்கில் ஒரு தெரு முழுக்க எண்ணெயும் திரியும் இல்லாத விளக்கு எரிவதைப் படித்தார். மே மாதம் திறந்த பெரிய பாலத்தைப் பற்றி, அதன் கம்பி ஒவ்வொன்றும் எத்தனை கனமென்று படித்தார். கம்பி வழியாக மனிதக் குரல் பக்கத்து ஊருக்குப் போவதைப் படித்தார். ஹல்டா உருளைக்கிழங்கைச் சீவுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள். அவர் கண் ஓடிய பத்தியில் அடுப்புப் பாலிஷ் விளம்பரம் இருந்தது.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டேன். "நீங்க ஏன் சொல்லலை?"

"எதை?"

"நான் படிச்சுக் காட்டறேன்னு சொன்னதை."

"சொன்னா மத்ததையும் சொல்லணும் மிஸ்." பம்படி இருக்கும் பக்கம் பார்த்தார். "அவ காதுல அது விழ வேண்டாம். குடிகாரன்னு நினைச்சுக்கட்டும், பரவாயில்லை."

"ஜெயில்ல போடுவாங்க."

"டொலானைக் கொன்னது என் வாய்தான். போட்டா என்ன?"

நவம்பர் 27, செவ்வாய்

ஸ்ட்ராட்டனிடமிருந்து கடிதம். விசாரணை முடிந்ததும் தலைமையகத் தந்தி அறைக்கு என்னை மாற்றப்போகிறார்களாம். அங்கே ஜன்னலெல்லாம் கண்ணாடி, நீராவிக் கணப்பு. பாட்டரி ஜாடி கழுவ வேறு ஆள்.

பம்பை வெந்நீர் ஊற்றி இளக்கினேன்.

நவம்பர் 29, வியாழன்

நன்றி சொல்லும் நாள். பாதிரியார் வீட்டில் விருந்து. சாப்பாட்டு மேஜையில் டொலானைப் பற்றித்தான் பேச்சு. குடித்துவிட்டுத்தான் நிற்காமல் போனான் என்றார் மேனேஜர். டொலானின் அப்பாவும் ரயில் டிரைவராக இருந்தவராம். மகன் பேரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாராம்.

வயிறு சரியில்லை என்று சொல்லிச் சீக்கிரம் வந்துவிட்டேன்.

டிசம்பர் 4, செவ்வாய்

மரண விசாரணை. கார்வர் ஜங்ஷன் நகர மண்டபம் நிறைந்து வழிந்தது.

காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். மணி மாற்றத் தாளின் நகல் ஒன்றைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். வளையத்தில் கட்டிக் கொடுத்ததைச் சொன்னேன். கைகாட்டி எப்படி இருந்தது என்று கேட்டார்கள், இறங்கியிருந்தது என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ரசீதில் இருப்பது கிரெய்டன் பேர்தானா என்றார்கள். ஆமாம் என்றேன். ஸ்ட்ராட்டன் எனக்குத் தலையசைத்தார்.

மதியம் ஏமஸ். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். விசாரணை அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும் "என் தப்புதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடிச்சிருந்தீங்களா?"

"அப்படியே வச்சுக்குங்க."

"அப்படியே வச்சுக்க முடியாது. பதில் வேணும். தாளைப் பாத்துட்டு ஏன் மாத்திச் சொன்னீங்க?"

ஏமஸ் கட்டுப்போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அதிகாரி அவர் பையிலிருந்து எடுத்த மூன்று தாள்களை மேஜையில் பரப்பினார். மூன்றிலும் ரத்தக்கறை. "இதுல அந்தத் தாளை எடுத்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

ஏமஸ் நடுவில் இருந்ததை எடுத்தார். எட்டப் பிடித்தார். படித்தார். "ஞாயிறு நண்பகல் முதல் இந்தப் பிரிவின் கடிகாரங்கள் அனைத்தும் பதினெட்டு நிமிடம் முன்னே தள்ளப்பட வேண்டும்..." ஒரு சொல் பிசகவில்லை. காலையில் நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கே மூச்சு விட்டார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். தாளைப் பிடுங்கினார். "இது இரும்புப் பாலத்துல பத்து மைல் வேகத்துக்கு மேல போகக் கூடாதுங்கற உத்தரவு. அக்டோபர் மாசத்து உத்தரவு! இந்தச் சபையைக் கேலி பண்றீங்களா?"

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில், "இன்னும் போதை இறங்கலைபோல" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு பரவியது. ஏமஸ் வெறும் கையை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். டிரைவரையும் தபால் குமாஸ்தாவையும் கொன்றதோடு விசாரணையையும் அவமதிப்பதாக அதிகாரி எழுதச் சொன்னார். ஷெரிஃபின் ஆள் விலங்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"அவருக்குப் படிக்கத் தெரியாது."

"உக்காருங்க மிஸ்" என்றார் ஏமஸ்.

"அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ரெண்டு வருஷமா நான்தான் படிச்சுக் காட்டறேன். அன்னிக்குப் படிச்சுக் காட்டலை. ரசீதுல இருக்கறது என் கையெழுத்து."

"உக்காருங்க, லவினியா!" அவர் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கெஞ்சுகிற குரல்.

நான் ஹல்டாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஏமஸையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். திரும்ப எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

டிசம்பர் 5, புதன்

ஜூரிகளின் முடிவு: ஏமஸ் மேல் கொலைக் குற்றம் இல்லை. தந்தியாள் கடமையில் தவறினாள். பொய்க் கையெழுத்துப் போட்டாள். டிரைவர் டொலான் வழக்கமான இடத்தில் நிற்காமல் போனதும் ஒரு காரணம்.

மாலைக்குள் தந்தி வந்தது. அதை நானே வாங்கி எழுதினேன். எனக்கும் ஏமஸுக்கும் வேலை இல்லை. என்னைப் பத்து நாளில் ஸ்டேஷனைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என் மேல் வழக்குப் போடுவது பற்றிப் பிறகு சொல்வார்களாம்.

டிசம்பர் 9, ஞாயிறு

ஹல்டா நடந்தே வந்தாள். நாலு மைல், பனியில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு ஜெயிலுக்குப் போகலை. அது உங்களாலதான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்னு நினைச்சீங்களா, தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கல்யாணமான மூணாவது வருஷமே தெரியும். பேப்பரை மாத்திப் பழசை வச்சாலும் அந்த வாரச் சேதிதான் வரும். எழுத்து தெரியாட்டி கண்ணுமா தெரியாது?" முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அவரா ஒரு நாள் சொல்வாருன்னு இருந்தேன். கிழவன் கிழவி ஆனப்புறமாவது, என்கிட்ட மட்டும். இப்ப ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிருச்சு. அவரு சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டே இருக்காரு."

கதவு வரை போய்த் திரும்பினாள். "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலை, மிஸ். ஆனா ஒண்ணு. டொலான் வீட்டுக்குப் போனீங்களா?"

இல்லை என்றேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

நவம்பர் 18-இல் இந்தப் புத்தகத்தில் நான் எழுதியது பொய். 19-இல் எழுதியதும் பொய்.

இன்று டொலான் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நோரா கதவைத் திறந்தாள். கறுப்பு உடையில் மாவு ஒட்டியிருந்தது. யாரென்று சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். அவளுக்குச் சொன்னதைச் சொன்னபடி இங்கே எழுதுகிறேன்.

பதினேழாம் எண் அன்று நேரத்துக்குத்தான் வந்தது. நிற்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. நிற்காமல் போகலாம் என்று கைகாட்டியை இறக்கியது நான். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் இறக்கினேன். வண்டி நின்றால் நான் கடிகாரத்தை விட்டு வெளியே போய் ஏமஸுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் பிடித்துப் போகப் பத்து நிமிடமாகும். அதற்குள் தட்டு வந்துவிடுமோ, இத்தனை பேர் முன்னால் நான் தவறவிடுவேனோ என்று பயந்தேன். தண்ணீர் அடுத்த சைடிங்கிலும் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டொலான் எஞ்சினிலிருந்து தலையை வெளியே நீட்டினார். கைகாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி, நிற்கட்டுமா என்று கேட்டார். நன்றாகப் பார்த்தேன். பச்சைக் கொடியை எடுத்து, போங்கள் என்று ஆட்டினேன். அவர் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார்.

நோரா வாசற்படியில் ஓரடி முன்னால் வந்தாள். என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அவரு கேட்டாரா?"

"கேட்டார்."

"நிக்கட்டுமான்னு கேட்டாரு."

"ஆமா. நான்தான் போகச் சொன்னேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முழங்கையால் கதவை முழுதாகத் திறந்தாள்.

"உங்களை நான் மன்னிக்கலை. அதுக்காகக் கூப்பிடலை. எங்க மாமா உள்ள இருக்காரு. மூணு வாரமா மகன் பேரை எடுக்க மாட்டேங்கறாரு. இதை அவருகிட்டயும் சொல்லுங்க. சத்தமாச் சொல்லணும், காது மந்தம்."

ஜன்னலோரம் ஒரு கிழவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் முழந்தாளிட்டு உட்கார்ந்து, உரக்க, முதலிலிருந்து சொன்னேன். கொடி ஆட்டிய இடம் வந்ததும் அவர் கையைக் காதருகே குவித்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னேன்.